கவுனை மடித்து வைக்கும் முன்: வழக்கறிஞர் வாசகர்களுக்குப் பதில்கள்

கோர்ட்டை விட்டு வேறு வேலைக்கோ வெளிநாட்டுக்கோ போக நினைக்கும் வழக்கறிஞர்களின் கடிதங்கள் ஒரு கட்டாகச் சேர்ந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றை இணைத்துப் பதில் தருகிறோம். கட்டணங்களும் விசா விதிகளும் அடிக்கடி மாறுபவை. பணம் கட்டும் முன் அந்தந்த அமைப்பின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் சிவில் பக்கம் தொழில் செய்கிறேன். ஏழாவது ஆண்டு நடக்கிறது. சென்னையில் ஒரு தனியார் நிறுவனம் மாதச் சம்பளத்தில் சட்ட அதிகாரி வேலை தருகிறது. "என்ரோல்மென்ட்டைத் தொடாதே, யாரும் கேட்கமாட்டார்கள்" என்கிறார் சீனியர். சேரலாமா? – ச.மு., மதுரை

சேரலாம். ஆனால் சீனியர் சொன்ன வழியில் வேண்டாம். வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் விதிகளில் 49-வது விதி இதைப் பற்றியதுதான். தொழில் செய்யும் வழக்கறிஞர் யாரிடமும் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கக் கூடாது. சேர்ந்தால் தம் பெயர் பதிவாகியிருக்கும் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து, அந்த வேலையில் இருக்கும்வரை தொழிலை நிறுத்த வேண்டும். யாரும் கேட்கமாட்டார்கள் என்பது பாதி உண்மை. நீங்கள் எதற்கும் விண்ணப்பிக்காத வரைக்கும் கேட்கமாட்டார்கள். பி.எஃப். கணக்கில் உங்கள் பெயரும் அதே மாதங்களில் ஒரு வக்காலத்தில் உங்கள் கையெழுத்தும் இருந்தால், வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-வது பிரிவில் புகார் கொடுக்க, வழக்கின் எதிர்த்தரப்பில் கோபக்காரர் ஒருவர் போதும்.

நடைமுறை எளிது. தொழிலைத் தற்காலிகமாக நிறுத்துவதாகப் பதிவுத் தபாலில் பார் கவுன்சிலுக்குக் கடிதம், கூடவே அசல் என்ரோல்மென்ட் சான்றிதழ். அசலை அனுப்பும் முன் இரு பக்கமும் வண்ணத்தில் ஸ்கேன் செய்து, நான்கைந்து நோட்டரி நகல்கள் எடுத்து வையுங்கள். பின்னால் எந்த விண்ணப்பத்துக்கும் முதலில் கேட்கப்படுவது அதுதான். திரும்பி வர நினைத்தால், மீண்டும் தொழில் தொடங்க அனுமதி கேட்டு விண்ணப்பம், இடைக்காலத்தில் வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24ஏ பிரிவின்கீழ் தகுதியிழப்பு எதுவும் நேரவில்லை என்ற அஃபிடவிட். பதிவுக் குழு உத்தரவிட்டு, சான்றிதழில் குறிப்பெழுதித் திருப்பித் தரும்.

நீங்கள் யோசிக்க வேண்டியது வேறொன்று. மாவட்ட நீதிபதி நேரடித் தேர்வுக்கு வழக்கறிஞராக ஏழு ஆண்டுத் தொழில் வேண்டும். அது விண்ணப்பிக்கும்வரை அறுபடாமல் இருக்க வேண்டும் என்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கம்பெனி வேலை அந்தக் கணக்கை அறுத்துவிடும். திரும்பி வந்தால் பழைய ஏழை ஒட்டவைக்க முடியாது. அந்த ஆசை மனதில் இருந்தால் ஏழாம் ஆண்டில் நிறுத்துவதைப் போன்ற மோசமான நேரம் வேறில்லை. ஆசை இல்லையென்றால் இந்தப் பத்தியைக் கடந்து போகலாம்.

நடுவழி ஒன்றும் உண்டு. நிறுவனத்திடம் ரிட்டெய்னர் முறை கேட்டுப் பாருங்கள்: மாதாமாதம் நீங்கள் பில் போடுவது, அவர்கள் தொழில்முறைக் கட்டணத்துக்கான 10 சதவீத வரியை (டி.டி.எஸ்.) முன்கூட்டியே பிடித்துக்கொண்டு மீதியைத் தருவது. ஆனால் வருகைப் பதிவு, பி.எஃப். பிடித்தம், சம்பளச் சீட்டு, விடுப்பு விண்ணப்பம் எல்லாம் இருந்துவிட்டு ஒப்பந்தத்தில் மட்டும் ரிட்டெய்னர் என்று எழுதினால் அது வேலைதான். கற்பிப்பதற்குத் தனி அனுமதியே இருக்கிறது. ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மிகாமல் சட்டக் கல்லூரியில் பாடம் எடுக்கலாம், என்ரோல்மென்ட்டுக்கு ஒன்றும் ஆகாது. சட்டப் புத்தகம் தொகுப்பது, பத்திரிகைக்குச் செய்திகளைச் சட்டக் கண்ணோடு பார்த்துத் தருவது, தேர்வுக்குப் பயிற்சி தருவது ஆகியவற்றை 51-வது விதி அனுமதிக்கிறது.

கிளம்பும் முன் ஒரு வேலை. இந்த ஏழு ஆண்டில் பார்த்த வழக்குகளின் எண், நீதிமன்றம், உங்கள் பங்கு ஆகியவற்றைப் பட்டியலிட்டு, உங்கள் பெயர் வரும் தீர்ப்பு நகல்களோடு ஒரே கோப்பில் வையுங்கள். சீனியரிடம் தேதிகள் குறித்த அனுபவக் கடிதம் வாங்குங்கள். சீனியர் நல்ல மனநிலையில் இருக்கும்போதே வாங்குவது நல்லது.

எனக்கு ஐந்தாண்டு அனுபவம், பெரும்பாலும் உயர் நீதிமன்றத்தில் அரசு முடிவுகளை எதிர்க்கும் ரிட் வழக்குகள். அக்கா ஸ்கார்பரோவில் இருக்கிறாள். கனடாவில் வழக்கறிஞராக முடியுமா? அங்கே போய் மறுபடி மூன்று வருடம் படிக்க வேண்டுமா? – பெயர் வேண்டாம், சென்னை-40

மறுபடி படிக்க வேண்டியதில்லை. ஆங்கிலச் சட்ட மரபில் படித்தவர்களுக்குக் கனடா திறந்து வைத்திருக்கும் வழி மற்ற நாடுகளோடு ஒப்பிட்டால் நேர்மையானது. வேலையின் பாதியைச் சென்னையில் உட்கார்ந்தே முடிக்கலாம் என்பது அதன் பெரிய வசதி.

முதல் வாசல் என்.சி.ஏ. என்ற தேசிய அங்கீகாரக் குழு. அதன் தளத்தில் கணக்குத் தொடங்கி, மதிப்பீட்டுக் கட்டணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகமே நேரடியாக அவர்களுக்கு அனுப்ப வேண்டும்; உங்கள் கையால் அனுப்பும் நகல் செல்லாது. பார் கவுன்சிலிடமிருந்து நற்சான்றும் வேண்டும். தாமதம் பெரும்பாலும் இந்த இரண்டு இடத்தில்தான், அதனால் மற்ற எதையும் தொடங்கும் முன் இவற்றுக்கு மனுப் போட்டுவிடுங்கள்.

மதிப்பீடு வந்ததும் எந்தெந்தப் பாடங்களில் தேர்வு எழுத வேண்டும் என்று சொல்வார்கள். கனடா அரசியலமைப்பு, நிர்வாகச் சட்டம், குற்றவியல் சட்டம், கனடா சட்டத்தின் அடிப்படைகள், தொழில் ஒழுக்கம் ஆகிய ஐந்தும் எல்லோருக்கும் உண்டு. இந்தியப் பட்டதாரிகளுக்கு இவற்றின் மேல் ஒப்பந்தம், டார்ட் (பிறருக்கு இழைத்த தீங்குக்கான இழப்பீட்டுச் சட்டம்), சொத்துச் சட்டம் போன்றவையும் சேர்வது வழக்கம். கூடவே சட்ட ஆய்வு–எழுத்துப் பயிற்சி ஒன்றும் கட்டாயம். ஒவ்வொரு தேர்வும் மூன்று மணி நேரம், இணையவழிக் கண்காணிப்பில், புத்தகம் பார்த்தே எழுதலாம், தேர்ச்சி 50 சதவீதம்.

புத்தகம் பார்த்து எழுதுவதில் தோற்பவர்கள் ஏன் தோற்கிறார்கள்? நாம் பி.எல். தேர்வில் பழகியது பிரிவின் எண், அதன் வாசகம், இரண்டு முன்தீர்ப்பு, முடிந்தது. அங்கே ஒரு பக்கத்துக்குக் கதை கொடுத்து, யாருக்கு யார்மேல் என்ன உரிமை என்று கேட்பார்கள். சட்டத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டு, அந்தக் கதையின் ஒவ்வொரு உண்மையையும் சட்டத்தோடு பொருத்திக் காட்டியவருக்குத்தான் மதிப்பெண். மூன்று மணி நேரத்தில் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினால் காலம் போய்விடும். பாடத்துக்கு முப்பது நாற்பது பக்கத்தில் சொந்தக் குறிப்பு, முன்னால் ஒரு பக்கப் பொருளடக்கம் என்று தயாரித்தவர்கள் தேறுகிறார்கள். ரிட் வழக்குப் பார்த்த உங்களுக்கு நிர்வாகச் சட்டம் பழகிய மண், அதிலேயே தொடங்குங்கள். அரசியலமைப்பில் மட்டும் கவனம். மத்திய–மாகாண அதிகாரப் பங்கீடு நம்முடைய அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையை ஒத்திருப்பதுபோல் தோன்றும், ஆனால் எந்தப் பட்டியலிலும் வராத மிச்ச அதிகாரம் தவிர மற்றதெல்லாம் வேறு தர்க்கத்தில் போகிறது.

எல்லாம் தேறினால் தகுதிச் சான்றிதழ் வரும். இரண்டாம் வாசல் மாகாணத்தின் சட்டச் சங்கம். ஸ்கார்பரோ இருக்கும் ஒன்டாரியோவில் பாரிஸ்டர் (நீதிமன்றத்தில் வாதாடுபவர்), சொலிசிட்டர் (ஆலோசனையும் ஆவண வேலையும் பார்ப்பவர்) என இரண்டு உரிமத் தேர்வுகள். இவையும் புத்தகம் பார்த்து எழுதுபவை, கொள்குறி வினாக்கள். பிறகு எட்டு மாத ஆர்ட்டிக்கிளிங் எனப்படும் பயிற்சி. அங்கே முன்பின் தெரியாதவருக்கு ஆர்ட்டிக்கிளிங் இடம் கிடைப்பதுதான் மொத்தப் பயணத்தின் மிகக் குறுகலான கட்டம். இதற்கு ஒரு மாற்று இருக்கிறது. ஆங்கிலச் சட்ட மரபுள்ள நாட்டில் குறைந்தது பத்து மாதம் தொழில் செய்தவர்கள் அந்தப் பயிற்சியிலிருந்து விலக்குக் கேட்கலாம். கிடைத்தால் சில நாள் தொழில் ஒழுக்கப் பயிற்சியோடு முடிந்தது. உங்கள் ஐந்தாண்டு இங்கேதான் கைகொடுக்கும், ஆனால் காகிதத்தில் இருந்தால் மட்டுமே.

நம் ஜூனியர்கள் தடுக்கி விழும் இடமும் அதுதான். ஊதியம் ரொக்கத்தில் வாங்கியிருப்பார்கள், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்திருக்கமாட்டார்கள், உத்தரவுகளில் சீனியர் பெயர் மட்டும் இருக்கும். கட்சிக்காரரிடம் "எதற்கும் ரசீது வாங்கி வை" என்று சொல்லும் நாம் நமக்கு வாங்கிக்கொள்வதில்லை. நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையிலும் இதே கதை. வெளிநாட்டில் சுயதொழிலாகச் செய்த திறன்சார் வேலையைத் திறன்சார் பணியாளர் பிரிவில் கணக்கிடுகிறார்கள், ஆனால் வருமானச் சான்றும் மூன்றாம் நபர்களின் உறுதிக் கடிதங்களும் கேட்பார்கள். இந்த ஆண்டிலிருந்தாவது தொழில் வருமானத்தைக் காட்டி வரிக் கணக்குப் போடுங்கள், வக்காலத்தில் உங்கள் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

பயிற்சி விலக்குக் கிடைத்தாலும் ஓராண்டு ஏதாவது ஒரு அலுவலகத்தில் சட்ட எழுத்தராகவேனும் உட்காருவது நல்லது என்பது எங்கள் கருத்து. உரிமம் கையில், உள்ளூர் நடைமுறை தெரியாது, பரிந்துரைக்க ஆள் இல்லை என்ற நிலையில் தனி அலுவலகம் போட்டவர்கள் வீட்டு விற்பனைப் பத்திர வேலையில் போய் நிற்கிறார்கள். டொரண்டோ பகுதியில் தமிழ் பேசும் கட்சிக்காரர்கள் நிறைய, அதே அளவுக்குத் தமிழ் பேசும் வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள்.

பிரிட்டனில் இப்போது தேர்வு எழுதினாலே சொலிசிட்டர் ஆகிவிடலாம் என்கிறார்களே, உண்மையா? – ஆர்.வி., கோயம்புத்தூர்

சொலிசிட்டர் ஆகலாம். அதனால் அங்கே வேலை கிடைத்துவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

2021 செப்டம்பரில் பழைய முறையை எடுத்துவிட்டு எஸ்.க்யூ.இ. என்ற சொலிசிட்டர் தகுதித் தேர்வைக் கொண்டுவந்தார்கள். முதல் கட்டம் இரண்டு தாள்கள், தாளுக்கு 180 கொள்குறி வினாக்கள். இதை இந்தியாவில் உள்ள பியர்சன் வியூ கணினித் தேர்வு மையத்திலேயே எழுதலாம். இரண்டாம் கட்டம் செய்முறை: 12 எழுத்துப் பணிகள், 4 வாய்மொழிப் பணிகள். வாய்மொழிக்கு இங்கிலாந்தோ வேல்ஸோ போயே ஆக வேண்டும். மற்றவர்களுக்குக் கட்டாயமான இரண்டாண்டு பணி அனுபவம், ஏற்கெனவே வழக்கறிஞராகப் பதிவான நமக்குத் தேவையில்லை. இரண்டு கட்டங்களின் கட்டணம் கிட்டத்தட்ட 4,900 பவுண்டை எட்டிவிட்டது, ஆண்டுதோறும் ஏறுகிறது. பயிற்சி வகுப்பு, விமானம், தங்குமிடம் தனி. முதல் முயற்சி எழுதிய நாளிலிருந்து ஆறு ஆண்டுக்குள் ஒரு கட்டத்துக்கு மூன்று வாய்ப்புகள்.

முதல் கட்டத்தில் நம்மவர்கள் வழுக்குவது நிலச் சட்டம், டிரஸ்ட், சொலிசிட்டர் கணக்கு வைப்பு ஆகியவற்றில். ஒப்பந்தமும் டார்ட்டும் தெரிந்த முகங்கள். கணக்கு வைப்பு சின்னப் பாடம்தான், ஒரு வாரம் ஒதுக்கினால் வரும் மதிப்பெண்ணை வெறுப்பினால் விட்டுவிடுகிறார்கள்.

இனி வேலை. திறன்சார் பணி விசாவுக்குப் பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஜூலையிலிருந்து ஆண்டுக்கு 41,700 பவுண்ட். ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் தமிழ்க் கட்சிக்காரர்களை நம்பி நடக்கும் சின்னக் குடியேற்றச் சட்ட அலுவலகங்கள் உங்களை மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்ளும், ஆனால் புதியவருக்கு அந்தச் சம்பளமும், வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க வேண்டிய ஸ்பான்சர் உரிமமும் சேர்ந்து அங்கே கிடைப்பது அரிது. பெரிய நிறுவனங்கள் தரும். அவற்றுக்குக் கம்பெனி, வங்கி, ஆர்பிட்ரேஷன் (நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் தீர்க்கும் வழக்கு) அனுபவம் வேண்டும். எனவே ஏற்கெனவே அங்கே வேலை செய்யும் உரிமை உள்ளவர் – துணைவர் விசாவில் போகிறவர், எடுத்துக்காட்டாக – உடனே எழுதலாம். இங்கே ஆர்பிட்ரேஷன் பக்கம் இருப்பவரும் எழுதலாம். துபாயிலும் சென்னையின் பன்னாட்டு நிறுவனங்களிலும் அந்தப் பட்டத்துக்கு மதிப்பு உண்டு. விசாவுக்காக மட்டும் எழுதுவதென்றால் பணத்தை வங்கியில் போடுங்கள்.

சொலிசிட்டர் ஆகாமலே குடியேற்ற ஆலோசனை சொல்லும் வழியும் அங்கே இருக்கிறது. முன்பு ஓ.ஐ.எஸ்.சி. என்று இருந்து 2025 ஜனவரியில் ஐ.ஏ.ஏ. என்று பெயர் மாறிய அமைப்பிடம் தகுதித் தேர்வு எழுதிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவில்லாமல் காசு வாங்கி ஆலோசனை சொல்வது அங்கே குற்றம். உறவினருக்குப் படிவம் நிரப்பித் தந்து பழகியவர்கள் இதைக் கவனிக்க.

நியூயார்க்கில் வழக்கறிஞராவதற்கான பார் தேர்வுக்கு எல்.எல்.எம். என்ற சட்ட முதுகலைப் பட்டம் கட்டாயமா? கடன் வாங்கிப் போகலாமா? – தி.கா., திருச்சி

மூன்று ஆண்டோ ஐந்து ஆண்டோ நேரடி வகுப்பில் முழுநேரமாகப் படித்த இந்தியப் பட்டத்துக்கு, எல்.எல்.எம். இல்லாமலே எழுத அனுமதி கிடைக்க வழியுண்டு. நியூயார்க்கின் பார் தேர்வு வாரியத்துக்கு வெளிநாட்டுக் கல்வி மதிப்பீட்டு விண்ணப்பத்தை ஓராண்டு முன்பே போடுங்கள், விடை எழுத்தில் வரட்டும். மாலைக் கல்லூரியில் படித்தவர்களுக்குத்தான் சிக்கல்.

கடன் வாங்கி எல்.எல்.எம். போவதை நாங்கள் ஆதரிக்கமாட்டோம். நியூயார்க்கின் பெரிய பல்கலைக்கழகங்களில் ஓராண்டுக் கட்டணம் மட்டும் 70,000 டாலரைத் தாண்டுகிறது. படித்து முடித்தவருக்கு வேலை அனுமதி 12 மாதம்தான். பொறியியல் மாணவர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் 24 மாதம் சட்டத்துக்குக் கிடையாது. அந்த 12 மாதத்துக்குள் பார் தேர்வு, முடிவு, வேலை, எச்1பி வேலை விசாவுக்கான குலுக்கல் எல்லாம் நடக்க வேண்டும். உதவித்தொகை பெரும்பகுதியை ஏற்றால் போய்வாருங்கள்.

பி.ஏ., பி.எல். முடித்தவள். கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை வாங்கித் தரும் பேட்டன்ட் ஏஜென்ட் ஆவதற்கான தேர்வு எழுதலாமா? – ஜெ., வேலூர்

முடியாது. பேட்டன்ட் சட்டத்தின் 126-வது பிரிவின்படி அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பப் பட்டம் வேண்டும். சட்டப் பட்டம் மட்டும் போதாது. பயிற்சி நிலையங்கள் இதைச் சொல்லாமல் கட்டணம் வாங்குவதுண்டு.

வணிகப் பெயர்களையும் சின்னங்களையும் பதிவு செய்யும் டிரேட்மார்க் பக்கம் வாருங்கள். அங்கே வழக்கறிஞருக்குத் தனித் தேர்வே வேண்டாம். கிண்டியில் அறிவுசார் சொத்து அலுவலகம் இருக்கிறது, சென்னை உயர் நீதிமன்றத்தில் 2023-லிருந்து அறிவுசார் சொத்துரிமைக்குத் தனிப் பிரிவும் இயங்குகிறது. விண்ணப்பத்துக்கு ஆட்சேபணை வரும்போது ஒரு மாதத்துக்குள் பதில் போட வேண்டும். அந்தத் தேதியைத் தவறவிட்டு விண்ணப்பம் கைவிடப்பட்டதாக ஆவதுதான் இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கும் விபத்து. நல்ல நாட்குறிப்பு வைக்கும் பழக்கம் இருந்தால் பாதித் தொழில் கற்றாகிவிட்டது.

தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வேலை கொட்டிக்கிடக்கிறது என்று ஒரு நிறுவனம் மூன்று மாதப் படிப்புக்கு எண்பதாயிரம் கேட்கிறது. சேரலாமா? – எம்.எஸ்., ஓசூர்

எண்பதாயிரத்துக்கு முன் 44 பிரிவுகளைப் படியுங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவ்வளவுதான். 2025 நவம்பரில் வந்த விதிகள் 23. இரண்டையும் ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம், காசு செலவில்லை.

வேலை இருக்கிறது என்பது பொய்யல்ல. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் விதிகள் வந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதவாக்கில் நடைமுறைக்கு வருகின்றன. அபராதம் 250 கோடி ரூபாய்வரை போகும் என்பதால் நிறுவனங்கள் இப்போதே ஆள் தேடுகின்றன. ஆனால் அவர்கள் தேடுவது சட்டம் விளக்குபவரை அல்ல. எந்தத் துறை யாருடைய தரவை வாங்குகிறது, எங்கே சேமிக்கிறது, எந்த வெளி நிறுவனத்துக்குத் தருகிறது, எப்போது அழிக்கிறது என்று ஒவ்வொரு மேசையாகப் போய்க் கேட்டு ஒரு பட்டியல் போடுபவரைத் தேடுகிறார்கள். அடுத்து, வெளி நிறுவன ஒப்பந்தங்களில் அதற்கேற்ற ஷரத்துகளைச் சேர்ப்பவர். அடுத்து, தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு விவர அறிக்கை போடும்படி நடைமுறை எழுதிவைப்பவர். ஒப்புதல் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழி எதிலுமோ பார்க்க வாய்ப்புத் தர வேண்டும் என்பதால், தெளிவான தமிழில் அறிவிப்பு எழுதத் தெரிந்தவருக்கும் இடம் உண்டு. இன்று வரும் பல தமிழ் அறிவிப்புகளைப் படித்தால் யாரும் எதற்கும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

பணி விண்ணப்பத்தோடு ஒரு மாதிரியை வையுங்கள்: ஓசூரின் ஒரு சின்னத் தொழிற்சாலை என்று வைத்துக்கொண்டு, அதன் வருகைப் பதிவுக் கருவி, கேமரா, ஒப்பந்தத் தொழிலாளர் ஆவணங்கள் ஆகியவற்றுக்குத் தரவுப் பட்டியலும் அறிவிப்பும் நீங்களே தயாரித்தது. சான்றிதழைவிட அது பேசும். சான்றிதழ்தான் வேண்டுமென்றால், ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான சி.ஐ.பி.பி./இ தேர்வைப் பன்னாட்டு நிறுவனங்கள் மதிக்கின்றன: 90 வினாக்கள், இரண்டரை மணி நேரம், 500-க்கு 300 எடுத்தால் தேர்ச்சி. நீங்களே படித்து எழுதலாம்.

நாகர்கோவிலில் பன்னிரண்டு ஆண்டு கிரிமினல் பக்கம். வெளிநாடு வேண்டாம், ஒழுங்கான மாத வருமானம் வேண்டும். என் வயதுக்கு என்ன இருக்கிறது? – ஒரு வாசகர்

உங்கள் அனுபவத்துக்கு அளவெடுத்தது மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எதிர்வாத வழக்கறிஞர் திட்டம், எல்.ஏ.டி.சி. என்கிறார்கள்: இலவசச் சட்ட உதவி பெறும் குற்றம்சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடுவது. தலைமைப் பொறுப்புக்குக் கிரிமினல் பக்கம் பத்தாண்டும், செஷன்ஸ் நீதிமன்றத்தில் குறைந்தது 30 விசாரணைகள் நடத்திய அனுபவமும் கேட்கிறார்கள். துணைப் பொறுப்புக்கு ஏழாண்டு. மாதம் குறித்த தொகை, இரண்டாண்டு ஒப்பந்தம், செயல்பாட்டைப் பார்த்து நீட்டிப்பு. இங்கே நீங்கள் வழக்கறிஞராகவே தொடர்கிறீர்கள், ஆனால் தனிக் கட்சிக்காரர் யாரையும் எடுக்கக் கூடாது. கையில் இருக்கும் வழக்குகளை ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். பன்னிரண்டு ஆண்டுக் கட்சிக்காரர்களை விட்டுவிட்டு, இரண்டாண்டில் நீட்டிப்புக் கிடைக்காமல் வெளியே வந்தால் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு மனதளவில் தயாரா என்று வீட்டில் பேசிவிட்டு விண்ணப்பியுங்கள். 30 செஷன்ஸ் வழக்குகளின் தீர்ப்பு நகல்களை இப்போதே எடுக்கத் தொடங்குங்கள், நேர்காணலுக்கு முதல் வாரம் நகல் பிரிவில் வரிசையில் நிற்க வேண்டாம்.

டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் அரசு உதவி வழக்கறிஞர் தேர்வுக்குக் கிரிமினல் நீதிமன்றத்தில் ஐந்தாண்டு போதும். உங்களுக்குத் தடையாகக் கூடியது வயது வரம்பு, அறிவிக்கையில் முதலில் அதைப் பாருங்கள். நோட்டரிக்குப் பொதுப் பிரிவினருக்குப் பத்தாண்டுத் தொழில், பெண்களுக்கும் பட்டியலின, பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் ஏழாண்டு. அது தொழிலை விடாமலே வரும் சில்லறை வருமானம்.

பத்தாண்டு முடிந்ததும் திவால் சட்டத் தொழில்முறையாளர் ஆகலாம் என்று ஆடிட்டர் நண்பர் சொல்கிறார். வழக்கறிஞருக்குச் சரிப்படுமா? – கே.பி., ஈரோடு

தகுதி இருக்கிறது. பத்தாண்டு வழக்கறிஞர், திவால் வாரியத்தின் தேர்வு, 50 மணி நேரப் பயிற்சி, ஏதாவது ஒரு தொழில்முறை முகமையில் உறுப்பினர், பிறகு பதிவு. தேர்வு இரண்டு மணி நேரம், 60 சதவீதம் வேண்டும், தவறான விடைக்குக் கால் பங்கு கழிப்பு. அதனால் தெரியாததை விட்டுவிடும் கட்டுப்பாடு முக்கியம்.

சரிப்படுமா என்பது வேறு கேள்வி. கடனில் விழுந்த ஒரு கம்பெனிக்கு நியமனம் வந்த நாளிலிருந்து அதை நடத்துவது நீங்கள். ஈரோட்டில் ஒரு நூற்பாலை என்றால் மின்கட்டணம், தொழிலாளர் சம்பளம், கிடங்குச் சாவி, ஜி.எஸ்.டி. தாக்கல் எல்லாம் உங்கள் தலையில். பழைய முதலாளி கணக்குப் புத்தகத்தைத் தரமாட்டார், கடன் கொடுத்த வங்கிகள் உங்கள் கட்டணத்தை ஒப்புக்கொள்ள மாதங்கள் ஆகும். இருப்புநிலைக் குறிப்பைப் பார்த்தால் தலை சுற்றுகிறது என்பவர் தனியாகப் போகாதீர்கள். அந்த ஆடிட்டர் நண்பரோடு சேர்ந்து போங்கள். தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் மனு எழுதுவது நீங்கள், கணக்கு அவர்.

குழந்தைகளுக்காக எட்டு ஆண்டு தொழிலை விட்டிருந்தேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் நன்றாக எழுதுவேன். வீட்டிலிருந்தே செய்ய என்ன இருக்கிறது? – திருமதி ல., திருநெல்வேலி

சட்ட மொழிபெயர்ப்பு. தென்மாவட்டத்தில் பத்திரம் படிக்கத் தெரிந்தவருக்கு இதில் ஆதாயம் அதிகம். வெளிநாட்டில் இருப்பவரின் உயில் வழக்கு, விசா விண்ணப்பம், வங்கியின் சட்டக் கருத்துரை எல்லாவற்றுக்கும் தமிழ்ப் பத்திரம் ஆங்கிலத்தில் வேண்டும். வெறும் மொழிபெயர்ப்பாளர்கள் தடுமாறும் இடத்தில் நீங்கள் தடுமாறமாட்டீர்கள்: பாகப்பிரிவினைக்கும் விடுதலைப் பத்திரத்துக்கும் சட்ட விளைவு வேறு என்பது உங்களுக்குத் தெரியும்.

பழைய பத்திரங்களில் கவனம் வேண்டியது எண்களில். தமிழ் எண்கள் தெரிந்திருக்க வேண்டும். தேதி தமிழ் வருடப் பெயரில் மட்டும் இருந்தால், அந்தப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருவதால், முத்திரைத்தாளையும் முந்தைய பத்திரக் குறிப்பையும் வைத்து எந்தச் சுற்று என்று உறுதி செய்த பிறகே ஆங்கில ஆண்டு போடுங்கள். அளவை ஏக்கர்–சென்டுக்கு மாற்றி எழுதாதீர்கள். மூலத்தில் உள்ளபடி எழுதி, மாற்றுக் கணக்கை அடிக்குறிப்பில் தனியாகக் கொடுங்கள். மாற்றிய எண்ணே பிறகு எல்லைத் தகராறுக்கு ஆவணமாகிவிடும். முத்திரை, அடித்தல், படிக்க முடியாத சொல் ஆகியவற்றையும் சதுர அடைப்பில் குறிப்பிட வேண்டும்.

பிரிட்டன் விசாவுக்கான மொழிபெயர்ப்பில், இது சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதிமொழி, தேதி, முழுப் பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம் எல்லாம் இருக்க வேண்டும். கனடாவுக்கு அங்கீகாரம் பெறாத மொழிபெயர்ப்பாளர் என்றால் அஃபிடவிட்டும் சேர வேண்டும், விண்ணப்பதாரரின் நெருங்கிய உறவினர் செய்தால் ஏற்கமாட்டார்கள். ஆகவே சொந்தக்காரர் வேலையைக் கனிவாக மறுத்துவிடுங்கள். கட்டணத்தைப் பக்கத்துக்குச் சொல்லாதீர்கள். ஒரு பழைய கிரயப் பத்திரத்தின் பக்கத்தில் இரண்டு பக்கச் சொற்கள் இருக்கும். சொல் கணக்கில் பேசுங்கள், கையெழுத்துப் பிரதிக்குக் கூடுதல் என்று முதலிலேயே எழுதிவிடுங்கள்.

துபாயில் வழக்கறிஞர் வேலை? – பலர்

கோர்ட்டில் நின்று வாதாடுவதை மறந்துவிடுங்கள், உள்ளூர் நீதிமன்ற மொழி அரபு. நம்மவர்களுக்கு இருப்பது நிறுவனங்களின் உள்சட்டப் பிரிவும், சட்ட ஆலோசனை அலுவலகங்களும், ஆங்கிலத்தில் ஆங்கிலச் சட்ட மரபில் இயங்கும் டி.ஐ.எஃப்.சி. நிதி மையமும். கட்டுமான ஒப்பந்தம், கப்பல், ஆர்பிட்ரேஷன் அனுபவம் இருந்தால் அழைப்பு வரும். சொத்து வழக்கு அனுபவத்துக்கு வராது. பட்டத்துக்கு அப்போஸ்தில் என்ற ஒற்றைச் சான்று முத்திரை அங்கே செல்லாது. மாநில உயர்கல்வித் துறை, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்ற வரிசையில் சான்றொப்பம் வேண்டும், இதற்குச் சில வாரங்கள் ஒதுக்குங்கள். ஆள் அனுப்பும் முகவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் தவிர வாங்கக் கூடாது, அவர் இந்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பதிவானவராக இருக்க வேண்டும். விசிட் விசாவில் வந்து சேருங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று எவர் சொன்னாலும், அந்த வாக்குறுதியை நிறுவனத்தின் கையெழுத்தோடு எழுத்தில் கேளுங்கள். தரமாட்டார்கள்.